கார் ஷெட்டில் கட்டிய படகை எங்கே, யாரோடு கொண்டுபோவது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். நாகர்கோவில் பக்கம் ஒருவர் ஏழெட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, கார் ஷெட்டில் 11 அடி பிளைவுட் படகு ஒன்று கட்டி முடித்துவிட்டார். ஊர்க்குளத்தில் ஒருமுறை இறக்கியும் பார்த்தாயிற்று, மிதந்தது. இனி என்ன? இதுபோலக் கட்டியவர்கள் கூடுகிற இடம் நம்ம பக்கம் உண்டா, நாலைந்து படகாகச் சேர்ந்து ஒரு பயணம் போக முடியுமா, போனால் எங்கே போவது, வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்.

உண்டு, போகலாம். ஆனால் பெயர்ப்பலகை, சந்தா, அடையாள அட்டை எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். நான் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன். இதுவரை மூன்று படகு கட்டியிருக்கிறேன், அதில் ஒன்று உருப்படி, ஒன்று சுமார், முதல் படகு இப்போது தம்பி வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி. பிளைவுட் வாங்க வந்த ஒருவர் "மேஸ்திரி, இது நனைஞ்சா பிரியுமா?" என்று மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான், அலமாரி செய்கிறவன் இப்படிக் கேட்கமாட்டானே என்று பிடித்துக்கொண்டேன். அப்படி இரண்டு பேரானோம். அப்புறம் பாறசாலையிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர், ஒரு பிளம்பர், அவர் கூட்டிவந்த ஆசாரி. இப்போது கூடினால் ஆறு படகு வரும், நல்ல நாளாக இருந்தால் ஒன்பது. பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ், ஆசாரி இரண்டிலும் திட்டுவார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலபேர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு தண்ணீரில் இறங்கலாம் என்று இருக்காதீர்கள். மூன்று படகு, ஒரு கடவு (படகு இறக்குகிற துறை), ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்களிடமே ஒருமுறை ஒருவர் வந்து, முறையாக ஒரு சங்கம் வைக்கலாம், தலைவர், செயலாளர், முத்திரை எல்லாம் போடலாம் என்று ஆரம்பித்தார். நாலு கூட்டம் ஒரு டியூஷன் சென்டர் ஹாலில் நடந்தது. நாலிலும் டீயும் பருப்புவடையும் வந்தன, ஒரு துடுப்புகூட நனையவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, நல்லது என்று விட்டுவிட்டோம்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் மிரர் என்று ஒரு சின்னப் பாய்ப்படகு வந்தது, 10 அடி 10 அங்குலம், ஒரு செய்தித்தாள் பின்னால் நின்று பரப்பியது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் ஃபைபர் நாடாவும் ரெசினும் ஒட்டுகிற முறை. சாதாரண ஆள் வீட்டு முற்றத்தில் கட்டலாம். 70,000க்கு மேல் கட்டப்பட்டது என்பது கணக்கு. இவ்வளவு பேர் கட்டினால் அப்புறம் சந்திக்காமல் இருப்பார்களா! அமெரிக்காவில் 2008 முதல் டெக்சாஸ் 200 என்று ஒரு பயணம் நடக்கிறது, ஜூன் மாத வெயிலில், ஐந்து நாளில், கடலோரக் காயல் வழியாகச் சுமார் 200 மைல். பின்தொடர்ந்து வந்து காப்பாற்றுகிற படகு கிடையாது, அவரவர் பாடு அவரவருக்கு. அதை 8 அடி நீளப் பெட்டி மாதிரிப் படகிலும் முடித்திருக்கிறார்கள். கேட்க வீரமாகத்தான் இருக்கும், ஆனால் நமக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அங்கே அவரவர் பொறுப்பு என்று சொல்கிறவர்களுக்குப் பின்னால் பல வருடப் பழக்கமும், கூப்பிட்டால் வருகிற கடலோரக் காவலும் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்ததுதான். அங்கே ஆன்ஸ்ட்ரதர் என்ற ஊரில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகம் முன்கையெடுத்து, இயன் ஆட்ரெட் என்ற வடிவமைப்பாளரிடம் ஒரு துடுப்புப் படகுக்கு வரைபடம் வாங்கியது. 22 அடி, நாலு பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கான் பிடிக்க. 2009இல் முதல் படகு. அப்புறம் கடலோரத்தில் ஊர் ஊராக, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களுமாகச் சேர்ந்து, வெட்டி வந்த பலகைகளை வைத்து ஊருக்கொரு படகு கட்டி, ஒருவர் கரைக்கு மற்றவர் போய்ப் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். 2013இல் உல்லாப்பூலில் உலகப் போட்டியே நடத்திவிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே படகு என்பதால், யார் படகு உசத்தி என்ற பேச்சு அங்கே எழாது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ஏன் பொருந்தும் என்றால், ஊருக்கு ஊர் போட்டி என்று சொல்லிவிட்டால் மீதி வேலையை ஊரே பார்த்துக்கொள்ளும். ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் சுண்டன் வள்ளம் என்ற நீளப் பாம்புப் படகுப் பந்தயத்துக்கு 1952 முதல் நடக்கிற கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தத் தைத்து ஒட்டுகிற முறை ஏதோ புத்தகம் பார்த்து நாம் இறக்குமதி செய்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற முட்டத்தில், 1980களின் தொடக்கத்திலேயே, பியர் ஜிலே என்ற பெல்ஜியத்துக்காரரும் உள்ளூர் ஆட்களுமாக ஒரு படகு கட்டும் மையத்தில் இந்த முறையில் மீனவர்களுக்குப் பிளைவுட் வள்ளம் கட்டினார்கள். கட்டுமரத்துக்குப் பெரிய தடி கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டிருந்த காலம் அது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கப்புறம் சொந்தத் தளங்கள் வைத்து இதைக் கேரளக் கரை வரைக்கும் கொண்டுபோனது. அதற்கும் முன்னால் பாருங்கள், கட்டுமரம் கட்டியது, கேரளத்துக் கெட்டுவள்ளம் கட்டியது. ஆஞ்சிலிப் பலகையை, நாம் அயனி என்போம், கயிற்றால் தைத்து முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள், ஆணி கிடையாது. வடக்கே சென்னைக் கரையில் மசூலாப் படகும் தையல்தான். நீங்கள் ஷெட்டில் உட்கார்ந்து செம்புக் கம்பி முறுக்கியபோது செய்தது இந்தக் கரையின் பழைய வேலையைத்தான், கயிறு மட்டும் மாறியிருக்கிறது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கடற்கரை ஊரில் படகை இறக்கும்போது சுற்றி நிற்கிற ஆட்களில் நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த வேலை செய்த கை ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, ஒரு கூடல் எப்படி நடக்கும்? நாங்கள் பெரும்பாலும் தேங்காப்பட்டணம் பக்கம், குழித்துறை ஆறு கடலுக்குப் போகிறதற்கு நன்றாக உள்ளே தள்ளி ஒரு கடவில் கூடுகிறோம். காலை ஆறரைக்குக் குட்டியானைகள் வந்து நிற்கும். குட்டியானையின் தட்டு ஏழு அடிக்குக் கொஞ்சம்தான் கூட, 11 அடிப் படகு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அணியம், அதாவது படகின் முன்முனை, முன்னால் வரும்படி ஏற்றி, அடியில் பழைய டயர் இரண்டு போட்டு, நீளும் முனையில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். டிரைவர் "வெயிட் எவ்வளவு?" என்று கேட்பார். 6 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஒரு ஷீட் 12, 13 கிலோ வரும், உங்கள் படகுக்கு மூன்று ஷீட் போயிருக்கும், சட்டம், ரெசின் எல்லாம் சேர்த்து 50 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம். அதற்குமேல் இருந்தால் ரெசினை எங்கேயோ குடம்குடமாக ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் என்றால், நம்ம கரையில் கத்தோலிக்க மீனவ ஊர்களில் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து ஒன்பதரை மணிக்கு மேல் ஆட்கள் மெல்ல வருவார்கள், அதற்குள் நாம் தண்ணீரில் இருந்தால் போதும். முதல் தடவை போகிற கடவாக இருந்தால் முந்தின வாரமே ஒருவர் போய், அங்கே வள்ளம் கட்டுகிறவர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அனுமதி என்று பெரிதாக ஒன்றுமில்லை, சொல்லவில்லை என்ற குறை இல்லாமல் இருந்தால் சரி.

இறக்கியவுடன் அவரவர் தன் படகில் ஏறுவது வேண்டாம். இது எங்களிடம் ஏறக்குறைய சட்டம். முதல் அரைமணி நேரம் மற்றவர் படகில் ஏறவேண்டும். எட்டு மாதம் கட்டிய ஆளுக்குத் தன் படகில் குறை தெரியாது, பெற்ற பிள்ளை மாதிரி. என் இரண்டாவது படகு எப்போதும் இடதுபக்கம் இழுக்கும், நான் அதைக் காற்று, நீரோட்டம் என்றெல்லாம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, அடியில் அமரத்துப் பக்கம், அதாவது பின்முனையில், இருக்கிற முதுகுக்கட்டையைப் பாருங்கள், நேராகவா ஒட்டியிருக்கிறீர்கள் என்றார். கவிழ்த்துப் பார்த்தோம். நூல் பிடித்தோம். பின்முனையில் ஒரு அங்குலம் தள்ளி இருந்தது. மூன்று வருடம் ஒரு அங்குலத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கட்டுமரத்தில் போன ஆள். முதல் தடவை வந்தபோது ஒன்றுமே பேசவில்லை, பிளம்பரின் படகை ஒருமுறை சுற்றி வந்தார், விரல் மடக்கி அடிப்பலகையில் இரண்டு இடத்தில் தட்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நடு இருக்கையில் உட்காரவில்லை, அதற்கு ஒரு சாண் முன்னால் அடித்தட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். பத்துத் தடவை துடுப்பு வலித்ததும் படகு வேறொரு படகாகிவிட்டது, நாங்கள் எல்லோரும் அதை எருமை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, "மக்களே, அணியம் தலையைத் தூக்குது. இருக்கையை முன்னால தள்ளு. படகு நல்ல படகுதான்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிளம்பர் இரண்டு வாரம் தரையில் நடக்கவில்லை.

கவிழ்க்கிற வேலையையும் கூடலில்தான் செய்யவேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில், எல்லோரும் சுற்றி நிற்க, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். பிளைவுட் மிதக்கும்தான், ஆனால் நிரம்பிய படகு இரண்டு ஆளையும் தாங்குமா, நீங்கள் வெளியே நின்றபடி வாளியால் இறைத்து வெற்றிபெற முடியுமா என்பதுதான் கேள்வி. விளிம்பு தண்ணீருக்குக் கீழே போய்விட்டால் இறைக்க இறைக்க உள்ளே வந்துகொண்டேயிருக்கும். கணக்கு எளிது, அடைத்த ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தூக்கும். மூடிய பெட்டி கட்டவில்லையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலை, மூடியை நன்றாக இறுக்கி, இருக்கைக்கு அடியில் கட்டுங்கள், 80 கிலோ கிடைத்துவிடும். ஆனால் நன்றாகக் கட்டுங்கள், முன்னாலும் பின்னாலும் சமமாக. வங்கிக்காரர் நாலையும் அணியத்திலேயே அடைத்துவைத்திருந்தார், கவிழ்த்த அன்று அமரம் முங்கி அணியம் ராக்கெட் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது.

பத்தரை, பதினொன்றுக்கு வெயில் ஏறிவிடும். தென்னை நிழலில் மரச்சீனியும் மீன்குழம்பும், மட்டிப்பழம் ஒரு தார், கருப்பட்டிக் காப்பி. உண்மையில் படிப்பு நடப்பது இங்கேதான். எல்லோரும் தங்கள் தோல்விகளைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். உரிந்து வந்த ஃபைபர் துண்டு, பிரிந்த பிளைவுட் மூலை, முறிந்த துடுப்பு. நீங்களும் கொண்டுவாருங்கள். நம்ம கரையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிற தளங்கள் நிறைய இருப்பதால் அங்கே கிடைக்கிற பாலியெஸ்டர் ரெசினை வாங்கிப் பிளைவுட்டில் பூசிவிடுகிற பழக்கம் இருக்கிறது. முழு ஃபைபர் படகுக்கு அது சரி, மரத்தில் அதன் பிடிப்பு போதாது, இரண்டு மழை கண்டால் ஓரத்தில் நகத்தை விட்டு உரிக்கலாம். எப்பாக்சி விலை கூடத்தான், கடைக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் கடையில் அது கிடையாது. எப்பாக்சியிலும் நம்ம ஈரக்காற்றில் ஒரு சிக்கல் உண்டு, காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்புப் படியும். அதன்மேல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது. சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் தேய்க்கவேண்டும். முதல் படகு ஆட்டுத்தொட்டி ஆனது இதனால்தான்.

பிளைவுட்டில் ஐஎஸ் 710, அதாவது மரைன் பிளைவுட்டுக்கான முத்திரை, பார்த்து வாங்கியிருப்பீர்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கவைத்தும் பிரியக்கூடாது. முத்திரை குத்துவது யாருக்கும் எளிது, ஆகையால் வெட்டி மிஞ்சிய துண்டை வீட்டில் ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு நாளெல்லாம் வேகவைத்துப் பாருங்கள், மோசமானது முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரத்தைத் திரும்ப அடுக்களையில் வைக்காதீர்கள், அனுபவம்.

இனிப் பயணம். கூடல் இரண்டு மூன்று நடந்து, ஒருவர் படகு மற்றவருக்குப் பழகிய பிறகு போங்கள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நிம்மதியான காலம். ஜூன், ஜூலையில் விசைப்படகுக்கே மேற்குக் கரையில் தடைக்காலம், நாம் வீட்டில் இருந்து வார்னிஷ் அடிக்கலாம்.

எங்கே என்றால், கேட்ட எல்லோரும் முதலில் சொல்வது ஏ.வி.எம். கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், 1860இல் திருவிதாங்கூர்க்காரர்கள் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நீர்வழி என்று தொடங்கியது, மண்டைக்காட்டோடு நின்றுபோனது. வரைபடத்தில் பார்த்தால் நாக்கு ஊறும், பூவாரிலிருந்து கொல்லங்கோடு, நீரோடி வழியாகத் தேங்காப்பட்டணம் வரை கடலோரமாகவே வருகிற மாதிரி. போய்ப் பார்த்தால் பல இடத்தில் மண்ணும் ஆகாயத்தாமரையும் குப்பையும். நாங்கள் ஒரு துண்டு முயன்றோம், பாதி நேரம் படகு எங்கள்மேல் ஏறி வந்தது. பூவாரில் நெய்யாறு கடலில் சேர்கிற காயல் அழகுதான், ஆனால் சுற்றுலா மோட்டார் படகுகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும், அவை கிளப்புகிற அலை 11 அடிப் படகுக்கு இதமாக இருக்காது. காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் பரவாயில்லை. மணக்குடிக் காயல் பிள்ளைகளோடு போக நல்ல இடம், சின்னது, எங்கே நின்றாலும் கரை தெரியும். உங்களுக்கு முதல் பயணம் அதுதான் என்று சொல்வேன்.

பெரிதாகப் போகவேண்டுமானால் கொல்லத்துக்குப் போங்கள், அஷ்டமுடிக் காயல், அதன் கிழக்கே கல்லடையாறு வந்து சேர்கிற இடத்தில் மன்றோத் துருத்து. மார்த்தாண்டத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தீவுக்குள் தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்காலாக ஓடுகிறது, மேலே தாழ்ந்த பாலங்கள், துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு படகிலேயே மல்லாந்து படுத்துப் போகவேண்டிய இடங்கள்கூட உண்டு. சின்னப் படகு கட்டியதற்கு இதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.

அங்கேதான் நாங்கள் பாடமும் படித்தோம். ஒரு ஜனவரியில் ஐந்து படகு. மேற்குக் கரையில் ஒரு கடவிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கண்ணாடி மாதிரி இருந்த காயலைக் கடந்து துருத்துக்குள் போய், நன்றாகச் சுற்றி, ஒரு வீட்டில் சொல்லிவைத்திருந்த கரிமீன் சாப்பாட்டைச் சாப்பிட்டு, எழுந்தபோது மணி ஒன்றேகால். கட்டுமரக்காரர்களுக்குக் காலம்காலமாகத் தெரிந்த விஷயம், விடியலில் கரைக்காற்று வெளியே தள்ளும், மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே தள்ளும். அவர்களுக்கு அது வீட்டுக்குத் திரும்புகிற காற்று. எங்களுக்கோ வீடு மேற்கே, காற்றும் மேற்கிலிருந்தே, நேர் எதிர். திறந்த காயலில் அலை ஒரு அடிக்கு மேல் எழும்பிவிட்டது. அமைதியான தண்ணீரில் இந்த அளவுப் படகு சிரமப்படாமல் மணிக்கு நாலு, நாலரை கிலோமீட்டர் போகும். அன்று ஒன்றரைகூடப் போயிருக்காது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் பாட்டுக்கு வலித்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கடைசிப் படகு, வங்கிக்காரரும் அவருடைய பத்து வயதுப் பையனும், ஒரு கிலோமீட்டர் பின்னால், கிட்டத்தட்ட குறுக்கே நின்றுகொண்டிருக்கிறது.

திரும்பிப் போய்க் கயிறு கட்டி இழுக்கலாம் என்று நானும் ஆசாரியும் போனோம். அவர் படகின் அணியத்தில் பித்தளைக் கொக்கி ஒன்று பளபள என்று இருந்தது, கட்டினோம், மூன்றாவது அலைக்குக் கொக்கி திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. 6 மி.மீ. பிளைவுட்டில் பின்னால் கட்டை வைக்காமல் வெறும் திருகு போட்டிருந்தார், அழகுக்கு வைத்ததாம். கடைசியில் நடு இருக்கையைச் சுற்றிக் கயிறு போட்டு, எதிர்க்காற்றை விட்டுவிட்டு, காற்று தள்ளுகிற கரைக்கே போய் ஒதுங்கி, யாரோ ஒரு சேட்டன் வீட்டுத் திண்ணையில் சாயா குடித்துக்கொண்டு ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். காற்று விழுந்தது, நிலா இருந்தது, ஏழரைக்குக் கரை சேர்ந்தோம். பையன் படகிலேயே தூங்கிவிட்டான். அவன் அம்மாவிடம் நாங்கள் சொன்ன கதை கொஞ்சம் சுருக்கமானது.

அன்றிலிருந்து சில விஷயங்களை மாற்றிக்கொண்டோம். மெதுவான படகுதான் முன்னால் போகும், வேகமானவன் பின்னால் வரவேண்டும், பிடிக்காவிட்டாலும். பதினொரு மணிக்குத் திறந்த தண்ணீரில் யாரும் இருக்கக்கூடாது, சாப்பாடு எங்கே இருந்தாலும் சரி. ஒவ்வொரு படகிலும் அணியத்தில் உள்பக்கம் கட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கிய கண்ணி ஒன்று, அதில் 15 மீட்டர் கயிறு. கையில் வாளி, கயிற்றால் படகோடு கட்டியது. ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடுவதில்லை. எட்டு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், மதியம் மூன்று மணிக்கு உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும்.

பொழி பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆறு மணலை உடைத்துக் கடலுக்குப் போகிற அந்த வாய், பார்க்க அமைதியாக இருக்கும், தண்ணீர் இறங்குகிற நேரத்தில் வெளியே இழுத்துக்கொண்டு போய் உடைகிற அலையில் கொடுத்துவிடும். அனுபவமுள்ள மீனவர்களே உயிரை விட்ட இடங்கள் அவை. கடலுக்குள் ஒரு சின்ன ரவுண்டு போய் வரலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார், நாங்கள் இல்லை என்று சொல்லிவிடுவோம், விவாதம் கிடையாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று இந்தக் கரையில் விழுந்த அடியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். கடல் அவர்களுடைய வேலை, நம்முடைய பொழுதுபோக்கை அங்கே கொண்டுபோய் அவர்களைத் தேட வைக்கக்கூடாது.

உயிர்காப்புச் சட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குப் பக்கத்தில், 50 நியூட்டன் (சட்டை மிதக்கவைக்கிற விசையின் அளவு) போதும். தெரியாதவருக்கு 100, அதில் கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்குகிற பகுதி இருக்கும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவே வாங்குங்கள், கால் இடையில் போடுகிற வார் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தண்ணீரில் சட்டை மேலே வரும், பிள்ளை கீழே போகும். படகில் வைத்திருப்பது கணக்கில்லை, போட்டிருக்கவேண்டும். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது ஆழ்கடலில் இல்லை, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துடுப்புப் படகாகவே வைத்திருந்தால் தலைவலி குறைவு, சின்ன மோட்டார் ஒன்று மாட்டினால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவு, சான்று என்று போகவேண்டும், இரண்டு மாநிலம் வேறு. மோட்டார் மாட்டுவதற்கு முன்னால் அந்தந்தப் பக்கத்துத் துறைமுக அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். எல்லையில் வண்டியை நிறுத்தினால் பயப்பட வேண்டாம், பிளைவுட் வாங்கிய ரசீதின் படம் ஒன்று போனில் இருக்கட்டும். எங்களை ஒருமுறை நிறுத்திய போலீஸ்காரர் ரசீதைப் பார்க்கவே இல்லை, படகை ஐந்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிங்ஙள் தன்னே உண்டாக்கியதோ?" என்று கேட்டார். அடுத்த மாதம் கடைக்கு வந்து 6 மி.மீ.க்கு விலை கேட்டார். இன்னும் வாங்கவில்லை, ஆனால் மாதம் ஒருமுறை வந்து கேட்கிறார்.

கடைசியாக, மனைவிக்கு நீச்சல் தெரியாது, வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரட்டும். ஆனால் முதல் சவாரி உங்கள் படகில் வேண்டாம். எட்டு மாதமாக அந்தப் படகு உங்களை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தது என்று அவருக்குத் தெரியும், அதன்மேல் கொஞ்சம் கோபம் இருக்கும், நீங்களும் பதற்றத்தில் துடுப்பைத் தப்பாகப் போடுவீர்கள். வாத்தியாருடைய 14 அடிப் படகு அகலமானது, ஆடாது, அவர் வீட்டம்மாதான் பெரும்பாலும் அதை ஓட்டுவார். முதலில் அதில் அரைமணி நேரம் போய்வரட்டும். திரும்பி வந்ததும் உங்கள் படகைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று பாருங்கள். என் வீட்டில் சொன்னது, "இதுல சாய்ஞ்சு உட்கார ஒரு பலகை வைக்கத் தோணலியே உங்களுக்கு." வைத்தேன். இப்போது எல்லாப் படகிலும் இருக்கிறது.